உறுதி அவள் பெயரில், சம்மதம் அவன் கையில்

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. எதிர்ப்பும் வழக்கும் கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. ஆனால் அந்தக் காலக்கெடு பழைய உறுதிகளை எல்லோரையும் தேட வைத்தது. 1990இல் இடம்பெயர்ந்து, கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிய கீரிமலைப் பகுதியிலிருந்து எனக்கு எழுதியவர்களில் ஆசிரியைகள், தாதிமார், அலுவலகப் பெண்கள் பலர். தாய் தந்த சீதனக் காணி, சொந்தச் சம்பளம். அதை ஈடுவைத்து வீடு கட்டக் கணவரின் கையெழுத்து எதற்கு என்று கேட்கிறார்கள்.

சீதனம், முதுசம், தேடியதேட்டம் எவை என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சிக்கல் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது. மனைவியின் சொத்து அவளுக்கே உரியது, கணவனின் கடனுக்கு அதைப் பொதுவாகப் பிடிக்க முடியாது என்று அது சொல்கிறது. நகையை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. பெண்ணின் சொத்தைக் காக்கும் ஏற்பாடு என்று இதை நியாயப்படுத்துவோர் உண்டு. காவல் என்றால் இருவருக்கும் அல்லவா வேண்டும்?

வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்படாத, பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்ணுக்கு 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனச் சட்டம் முழு அதிகாரம் தந்துவிட்டது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: சமத்துவத்தை எழுதிய கையே அதற்கு விலக்கையும் எழுதி வைத்திருக்கிறது. மனைவி மீது கணவனுக்கு இத்தகைய அதிகாரம் தந்த சட்டத்தை ஆபிரிக்காவின் லெசோத்தோ 2006இல் நீக்கிவிட்டது.

பலருக்குத் தெரியாத வழி அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் போனாலும், இருவரும் இணங்கிப் பிரிந்து வாழ்ந்தாலும், அவன் இருக்கும் இடம் தெரியாவிட்டாலும், காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மனைவியின் அல்லது பிள்ளைகளின் நலன் வேண்டினாலும் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே அனுமதி தரலாம். போரில் கணவன் காணாமற்போன பெண்களுக்கு இது பெரிய விடயம். ஆனாலும் தன் காணிக்காக அவள்தான் வழக்குச் செலவும் நாளும் கொடுத்து, கைவிடப்பட்டதை நிரூபிக்க வேண்டும்.

கணவர் கனடாவில் என்றால்? எழுத்துமூலச் சம்மதத்தை அங்கிருந்து முறைப்படி பெறவேண்டும்.

மரணசாசனம் எழுத? சம்மதம் வேண்டாம்.

தேசவழமைக்கு உட்படாதவரை மணந்தால்? அத்திருமணம் நிலைக்கும்வரை அவளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

விதவைக்கு? சம்மதம் கேட்க ஆளில்லை, கட்டுப்பாடும் இல்லை.

6ஆம் பிரிவின் சம்மத வாசகத்தை நீக்கப் பாராளுமன்றத்தில் ஒரு சிறிய திருத்தம் போதும். வடக்கின் உறுப்பினர்கள் அதைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, கணவரைக் கூட்டி வாருங்கள் என்று நொத்தாரிசு சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். 8ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்ய முடியுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.