பகாத அம்பத்தூர், பகுபடும் ஆவடி

அம்பத்தூரின் பின்கோடு 600053. ஆவடிக்கு 600054. மின்சார ரயிலில் இரண்டுக்கும் நடுவே திருமுல்லைவாயில், அண்ணனூர் என இரண்டு நிலையங்கள். எண்ணில் பார்த்தால் ஒட்டிய வீடு. குணத்தில் மட்டும் ஒட்டே இல்லை.

600053 பகா எண். 1, தான் என்ற இரண்டைத் தவிர எதுவும் அதை மீதியின்றி வகுக்காது. 600054-ஐ வகுக்க 48 எண்கள் வரிசையில் நிற்கின்றன: அது 2 × 3 × 7 × 7 × 13 × 157. ஆறு லட்சத்தை ஒட்டிய எண்களுக்குச் சராசரியாக 14, 15 வகுத்திகள்தான். பூந்தமல்லியின் 600056-க்கு 16.

ஒரு பின்கோடு 7, 11, 13-ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கால்குலேட்டர் வேண்டாம். மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே 600600 என்ற எண் மூன்றாலும் வகுபடும். அதிலிருந்து பின்கோடைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் சோதித்தால் போதும். ஆவடிக்கு மிஞ்சுவது 546, அதாவது 7 × 78, 13 × 42. மாட்டிக்கொண்டது! அம்பத்தூருக்கு 547, மூன்றுக்கும் மசியாது.

அதனால் மட்டும் பகா எண் ஆகிவிடாது. ஓர் எண் பகுபட்டால், அதன் காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீரும். 775 × 775 = 600625. எனவே 2 முதல் 773 வரையுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிறு மதியத்துக்கான வேலை. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணென்றால் இந்த வழி ஆயுளுக்கும் முடியாது. எந்த எண்ணையும் இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நியாயமான நேரத்தில், ஐயமின்றிச் சோதிக்கும் முறையை 2002-ல் கண்டுபிடித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும்.

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தபோது, கடிதம் பிரிக்கும் வசதி ஒன்றே நோக்கம்; பகா எண்ணைத் தேடி யாரும் அம்பத்தூருக்குக் கொடுக்கவில்லை. 600001 முதல் 600100 வரை பகா எண்கள் ஆறே ஆறு: பெரம்பூரின் 600011, பல்லாவரத்தின் 600043, அம்பத்தூர், 600071, 600073, மடிப்பாக்கத்தின் 600091. இந்த உயரத்தில் சராசரியாகப் பதின்மூன்றுக்கு ஒன்று என்பதால் ஏழெட்டு இருந்திருக்கலாம். சென்னைக்குக் கொஞ்சம் குறைவுதான். ஜார்ஜ் டவுனின் 600001 பகா எண்போல மிடுக்காக நிற்கும். ஆனால் அது 19 × 23 × 1373.

ஆறில் எனக்குப் பிடித்தவை 71-ம் 73-ம். இரண்டே வித்தியாசமுள்ள இப்படிப்பட்ட ஜோடிக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். ஒன்று ஆவடி காமராஜ் நகர், மற்றது தாம்பரம் பக்கம் சேலையூர். நடுவிலுள்ள 600072, மறுபடி மேற்கே, பட்டாபிராம். இரட்டையரின் நடுவே நிற்கும் எண் 4-ஐத் தவிர எப்போதும் 6-ஆல் வகுபடும்: அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ன் மடங்காக வேண்டும், ஓரத்திலுள்ள இரண்டும் அதற்கு இடம் தராது, இரண்டும் ஒற்றைப்படை என்பதால் நடு எண் இரட்டைப்படை. பட்டாபிராம் 6 × 100012.