அந்த ஒரு வரி!

அப்பா திருக்காட்டுப்பள்ளியில், நீங்கள் சென்னையில், ஆபீஸில். காவிரிப் பாசனத்து ஒன்றரை ஏக்கரை உங்கள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுவதாகச் சொல்கிறார். சந்தோஷம்! கொஞ்சம் பொறுங்கள்.

பெற்றோருக்குச் சோறு போட்டால் மட்டும் ஆச்சா, மரியாதை வேண்டாமா என்பது 2,500 வருஷத்துக்கு முந்தைய கன்ஃபூசியஸின் கட்சி. அவர் பிறந்த சீனாவிலேயே, 'அப்பா அம்மாவை அடிக்கடி போய்ப் பாருங்கப்பா' என்று 2013-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது!

நம் நாட்டுச் சட்டம் 2007-ல் வந்தது. கவனிக்காத பிள்ளை மேல் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய்க்குள்தான். (மருந்துக்கே சரி!) பத்திரத்தை ரத்து பண்ண வேண்டுமானால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் எழுதிக் கொடுத்தது என்று காட்டியாக வேண்டும். அந்த ஒரு வரி பத்திரத்திலேயே இருந்துவிட்டால் வம்பில்லை.

"பெத்த புள்ளைகிட்டே கண்டிஷனா?" என்று அப்பா கூச்சப்படுவார். பத்திர எழுத்தரிடம் நீங்களே சொல்லி எழுத வையுங்கள், சார்!