கோப்பை வாங்கித் தந்தவருக்குக் கல்தா!

2017-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி. வியாழக்கிழமை.

இங்கிலாந்து நாட்டில் லெஸ்டர் என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த நகரத்துக் கால்பந்து கோஷ்டி, முதல் நாள் இரவுதான் ஸ்பெயின் நாட்டில் ஒரு பந்தயம் ஆடி முடித்திருந்தது. அந்தக் களைப்புக்கூடத் தீரவில்லை. மறுநாளே கோஷ்டியின் தலைமைப் பயிற்சியாளருக்குச் சீட்டுக் கிழிந்தது.

அவர் பெயர் கிளாடியோ ரனியேரி. இத்தாலி நாட்டுக்காரர். அப்போது வயது 65.

கால்பந்து உலகில் பயிற்சியாளருக்கு வேலை போவது புதிய செய்தி அல்ல. ஆனால் அன்று விளையாட்டு உலகமே திகைத்துப் போய்விட்டது. காரணம், ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் அதே மனிதர் அதே கோஷ்டிக்கு இங்கிலாந்தின் மிகப் பெரிய லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார்!

ஒன்பது மாதத்தில் ஒரு மனிதருக்குத் தொழில் மறந்துவிடுமா? அல்லது, கோப்பையை வாங்கிக் கொடுத்த கையை மறந்துவிட்டார்களா?

ஒரு பவுனுக்கு 5 ஆயிரம்!

ரனியேரி 2015 ஜூலையில் லெஸ்டருக்கு வந்து சேர்ந்தார். அது பெரிய பணக்கார கோஷ்டி அல்ல. 1884-ல் தொடங்கிய அந்த கிளப், முதல் வகுப்பு லீக் கோப்பையை ஒரு தடவைகூடத் தொட்டது இல்லை. அதற்கு முந்தைய சீசனில் கடைசி இடங்களில் கிடந்து, தட்டுத் தடுமாறித் தப்பித்தது.

இங்கிலாந்தில் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. "லெஸ்டர் கோப்பை வாங்கும்" என்று ஒரு பவுன் கட்டினால், ஜெயித்தால் 5 ஆயிரம் பவுன் தருகிறோம் என்றார்கள் பந்தயத் தரகர்கள். அதாவது, நடக்கவே நடக்காது என்று அர்த்தம்.

நடந்துவிட்டது!

ரனியேரி ஆட்டக்காரர்களை அதட்டவில்லை. எதிரியை ஒரு கோல்கூடப் போடவிடாமல் தடுத்தால் எல்லோருக்கும் பிட்சா வாங்கித் தருவதாகச் சொன்னார். தடுத்தார்கள். அவர்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் கையாலேயே பிட்சா செய்ய வைத்தார். வீட்டுப் பிள்ளைகளை ஒரு தாத்தா நடத்துவதுபோல நடத்தினார்.

38 பந்தயங்களில் லெஸ்டர் தோற்றது மூன்றே மூன்றுதான். 2016 மே 2-ந் தேதி கோப்பை அதற்குத்தான் என்று உறுதி ஆயிற்று. அந்த மாதத்தில் மைதானத்தில் கோலாகலம் நடந்தது. கண்பார்வை இல்லாத இத்தாலியப் பாடகர் ஆந்திரேயா போசெல்லி வந்து பாடினார். ரனியேரி அவர் பக்கத்தில் நின்றார். ஊரே கண் கலங்கியது.

ஆனைக்கும் அடி சறுக்கும்

அடுத்த சீசனில் எல்லாம் தலைகீழ் ஆயிற்று.

கோஷ்டியின் நடு மைதானத்தில் ஓயாமல் ஓடி உழைத்தவர் கான்டே என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர். அவரை செல்சி கோஷ்டி விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது. லெஸ்டர் தோற்கத் தொடங்கியது. 25 லீக் பந்தயங்களில் 14 தோல்வி. 2017 பிறந்த பிறகு லீக்கில் ஒரு கோல்கூடப் போடவில்லை.

இங்கிலாந்தின் முதல் வகுப்பில் 20 கோஷ்டிகள் உண்டு. சீசன் முடிவில் கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்களைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெயிலான பையனாவது அதே வகுப்பில் இருப்பான். இங்கே ஒரு வகுப்பு கீழே போக வேண்டும்! டெலிவிஷன் வருமானத்தில் பெரும் பகுதி போய்விடும். நல்ல ஆட்டக்காரர்களும் போய்விடுவார்கள்.

லெஸ்டர் அந்தப் பள்ளத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது. முதலாளிகள் பயந்தார்கள். ரனியேரியை அனுப்பிவிட்டார்கள்.

வந்தவுடன் வெற்றி

அவருக்கு உதவியாளராக இருந்தவர் கிரெய்க் ஷேக்ஸ்பியர். பொறுப்பு அவர் கைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து லிவர்பூல் கோஷ்டியுடன் பந்தயம். லெஸ்டர் 3-1 என்று ஜெயித்தது! தொடர்ந்து ஐந்து லீக் பந்தயங்களில் வெற்றி. சீசன் முடிவில் 12-வது இடம். கோஷ்டி தப்பிவிட்டது.

"பார்த்தீர்களா! மாற்றியது சரிதான்" என்று பலர் சொன்னார்கள்.

ஷேக்ஸ்பியரையே நிரந்தரப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அது 2017 ஜூன் மாதம். அக்டோபர் மாதம் அவருக்கும் கல்தா! எட்டு லீக் பந்தயங்களில் ஒரே ஒரு வெற்றி, அதுதான் காரணம்.

பிப்ரவரியில் மந்திரவாதியாகத் தெரிந்தவர், அக்டோபரில் உதவாக்கரை ஆகிவிட்டாரா?

வைத்தியரும் காய்ச்சலும்

இதற்குப் பதில் சொன்னவர் நெதர்லாந்து நாட்டுப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல். 1986 முதல் 2004 வரை அந்த நாட்டு முதல் வகுப்பு லீக்கில் நடந்த பந்தயங்களை அவர் ஆராய்ந்தார். ஆராய்ச்சி 2011-ல் வெளிவந்தது.

தொடர்ந்து தோற்ற கோஷ்டிகளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பயிற்சியாளரை வெளியே அனுப்பியவை. மற்றொன்று, அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை வைத்துக்கொண்டவை.

பயிற்சியாளரை அனுப்பிய கோஷ்டிகள் மறுபடி ஜெயிக்கத் தொடங்கின. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அனுப்பாத கோஷ்டிகளும் அதே மாதிரி தேறிவிட்டன!

இதில் அதிசயம் எதுவும் இல்லை. சாதாரணக் காய்ச்சல் மூன்று நாளில் தானாக இறங்கும். மூன்றாம் நாள் வந்த வைத்தியர் வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கத்தான் செய்யும். பெயர் அவருக்கு! முதல் நாள் வைத்தியம் பார்த்தவருக்குக் கெட்ட பெயர்.

கால்பந்தும் அப்படித்தான். ஒரு கோஷ்டிக்கு என்று ஒரு தரம் இருக்கிறது. காயம், கெட்ட நேரம், கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து இவற்றால் சில வாரம் அந்தத் தரத்துக்குக் கீழே போகும். பிறகு தானாகப் பழைய இடத்துக்கு வரும். கிளப்புகள் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான் பயிற்சியாளரை மாற்றுகின்றன. அதற்குப் பிறகு ஏற்றம்தானே வரும்!

பொறுத்தார்; பூமி ஆண்டார்

பொறுமையின் பலனுக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அவர் ஸ்காட்லாந்துக்காரர். பெயர் அலெக்ஸ் பெர்குசன்.

அவரும் கல்தா வாங்கியவர்தான். 1978-ல் செயின்ட் மிரன் என்ற சின்ன கிளப் அவரை வேலையில் இருந்து நீக்கியது. பிறகு வேறு கிளப்பில் பெயர் வாங்கி, 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டிக்கு வந்தார். அப்போது 22 கோஷ்டிகளில் அதற்கு 21-வது இடம்.

மூன்று ஆண்டுகள் ஓடின. ஒரு கோப்பைகூட வரவில்லை. 1989 செப்டம்பரில் சொந்த ஊர் எதிரியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று படுதோல்வி. அந்த ஆண்டு டிசம்பரில் ரசிகர்கள் மைதானத்திலேயே துணியில் எழுதிப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் சாக்குப்போக்குக் கேட்டது போதும், போய் வாருங்கள் என்பது அதன் பொருள்.

நிர்வாகிகள் அசையவில்லை. 1990 மே மாதம் எப்.ஏ. கோப்பை வந்தது. 1993-ல் லீக் கோப்பை வந்தது. அந்தக் கோப்பையை அந்த கிளப் பார்த்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெர்குசன் 2013-ல் ஓய்வு பெற்றபோது அவர் வாங்கிக் கொடுத்த லீக் கோப்பைகள் மட்டும் 13!

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். 1987-ல் ரயன் கிக்ஸ் என்ற 14 வயதுப் பையனைச் சேர்த்தார். அவனுக்காக அவனுடைய வீட்டுக்கே போனார். பெக்காம், ஸ்கோல்ஸ் போன்ற பிள்ளைகளும் அதே பண்ணையில் வளர்ந்தவர்கள்தான். இந்தப் பயிர் விளைய ஐந்து, ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1989-லேயே பெர்குசனை அனுப்பியிருந்தால், விதைத்தவர் ஒருவர், வெட்டிப் போட்டவர் வேறு ஒருவர் என்று கதை முடிந்திருக்கும்.

விடைபெறும் நாளில், புதிய பயிற்சியாளருக்குத் துணை நில்லுங்கள் என்று பெர்குசன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். புதியவர் டேவிட் மோயஸ். ஆறு ஆண்டு ஒப்பந்தம். பத்தாவது மாதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள்!

பிறகு வந்த வான்கால் 2016-ல் எப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாளில் வேலை போயிற்று. மொரீனியோ 2018-லும், சோல்ஸ்கர் 2021-லும், டென் ஹாக் 2024-லும் வெளியேற்றப்பட்டார்கள். இந்த டென் ஹாக்குக்கு ஜூலையில்தான் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் அனுப்பினார்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் கணக்குத் தீர்க்கச் சுமார் ஒரு கோடி பவுன் செலவு!

இத்தனை பேரை மாற்றிய அந்த ஆண்டுகளில் ஒரு லீக் கோப்பைகூட வரவில்லை.

44 நாள், 10 நிமிடம்!

அவசரத்துக்கு வேறு கதைகளும் உண்டு.

1974-ல் லீட்ஸ் கிளப், பிரையன் கிளஃப் என்பவரை 44 நாளில் வெளியேற்றியது. அவர் பிறகு நாட்டிங்ஹாம் பாரஸ்ட் என்ற சாதாரண கோஷ்டிக்குப் போனார். அங்கே 18 ஆண்டுகள் இருந்தார். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்று காட்டினார்!

2007-ல் டார்க்கே என்ற சின்ன கிளப், லெராய் ரோசீனியர் என்பவரைப் பயிற்சியாளராக அறிவித்தது. பத்தே நிமிடத்தில் கிளப் வேறு முதலாளி கைக்கு மாறிவிட்டது. வேலையும் போயிற்று!

இத்தாலியில் பலேர்மோ கிளப்பின் முதலாளி சாம்பரீனி. அவர் பயிற்சியாளர்களை மாற்றிய வேகத்தைப் பார்த்து, "பயிற்சியாளர்களைத் தின்னும் மனிதர்" என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் பெயர் வைத்தன.

மாற்றினால் பலனே இல்லையா?

உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செல்சி கிளப் 2021 ஜனவரியில் பயிற்சியாளரை மாற்றியது. டுகெல் என்ற ஜெர்மானியர் வந்தார். நான்கே மாதத்தில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை வந்தது. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் பேச்சு வார்த்தையே இல்லை என்றால், எந்தக் கோஷ்டியும் தேறாது. அப்போது மாற்றுவதில் தவறு இல்லை.

ஆனால் மாற்றிவிட்டால் மட்டும் போதும் என்பதும் இல்லை. 2023 ஏப்ரலில் அதே லெஸ்டர் மறுபடி ஆபத்தில் இருந்தது. 2021-ல் எப்.ஏ. கோப்பை வாங்கித் தந்த ராட்ஜர்ஸ் என்ற பயிற்சியாளரை அனுப்பினார்கள். இந்தத் தடவை மருந்து பலிக்கவில்லை. கோஷ்டி கீழ் வகுப்புக்கு இறங்கியது.

ஏன் இந்த அவசரம்?

ஒரு கோஷ்டியில் ஆட்டக்காரர்கள் 25 பேர். ஒவ்வொருவருக்கும் பெரிய விலை. அவர்களை நினைத்தபோது விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. கோடைக்காலத்திலும் ஜனவரியிலும் மட்டும்தான் அதற்கு அனுமதி. 25 பேரை மாற்ற முடியாது. ஒருவரை மாற்றலாம். ரசிகர்கள் கூச்சல் போடும்போது, ஏதாவது செய்தோம் என்று காட்ட முதலாளிக்கு இதுதான் சுலபமான வழி.

தவறான ஆட்டக்காரரை வாங்கியது யார்? நல்ல ஆட்டக்காரரை விற்றது யார்? பெரும்பாலும் நிர்வாகம்தான். ஆனால் பழி பயிற்சியாளர் தலையில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!

சுற்றும் சக்கரம்

ரனியேரி கதையில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. 2004-ல் செல்சி கிளப் அவரை நீக்கிவிட்டு, ஜோசே மொரீனியோவைக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் அதே மொரீனியோ, செல்சிக்கு லீக் கோப்பை வாங்கித் தந்த ஏழாவது மாதத்தில் வேலையை இழந்தார். கடைசியாக அவர் தோற்றது யாரிடம்? ரனியேரியின் லெஸ்டரிடம்! 2017-ல் ரனியேரிக்கு வேலை போனபோது, மொரீனியோ தன் சட்டையில் அவர் பெயரின் முதல் எழுத்துக்களைப் பொறித்துக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்தார். அடிபட்டவனுக்குத்தானே அடிபட்டவன் வலி தெரியும்!

ரனியேரி சோர்ந்து உட்காரவில்லை. 2024 நவம்பரில், 73-வது வயதில், சொந்த ஊரான ரோமாபுரியின் ரோமா கோஷ்டி அவரை அழைத்தது. அந்த சீசன் தொடங்கி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் இரண்டு பயிற்சியாளர்களை அந்த கிளப் அனுப்பிவிட்டிருந்தது. முதலாமவருக்குக் கிடைத்தது நான்கே பந்தயங்கள்.

12-வது இடத்தில் கிடந்த கோஷ்டியை ரனியேரி 5-வது இடத்துக்குத் தூக்கி நிறுத்தினார். இன்னும் இருங்கள் என்று கேட்க ஊரே தயாராக இருந்தது. ஆனால் சீசன் முடிந்ததும் அவர் பயிற்சியாளர் வேலையில் இருந்து விலகிக்கொண்டார்.

இந்தத் தடவை யாரும் அவரை அனுப்பவில்லை. வாசல் வரை வந்து கைதட்டி வழியனுப்பினார்கள்.