ஹார்விபுரத்து உபாத்தியாயர்

முத்தாண்டிக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடுகின்றனர். சுற்றிலும் முந்திரிக் காடு. சிறிது தொலைவில் நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கம். தமிழ்நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் காலை வேளையில் காணும் காட்சி இதுவே. 1970-ம் வருஷத்தில் அரசாங்கம் இப்பாடலைத் தன் விழாக்களுக்கு உரியதாக ஏற்றது. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இதுவே மாநிலப் பாடல் என்று உத்தரவாயிற்று. இதை இயற்றியவர் யார் என்று பிள்ளைகளைக் கேட்டால், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்று தயங்காமல் விடை சொல்லுவார்கள். அவர் எந்த ஊரார், என்ன தொழில் செய்தார், அவருடைய குடும்பம் என்னவாயிற்று என்று மேலே ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். உண்மையைச் சொல்லப் போனால், அவர்களுக்குப் பின்னே நிற்கும் பெரியவர்களிலும் பலர் விழிக்கவே செய்வர்.

நெய்வேலிச் சுற்றுப்புறத்தாருக்குச் சுந்தரம் பிள்ளையின் கதை அந்நியமான கதையன்று. 1956-ம் வருஷத்தில் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது முதல், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் ஒரு புறம். மலையாளம், ஆந்திரம், வடநாடு முதலிய இடங்களிலிருந்து ஜீவனத்தைத் தேடி வந்து குடியேறிய குடும்பங்கள் மறு புறம். வீட்டில் ஒரு பாஷை, வீதியில் மற்றொரு பாஷை என்று வளரும் பிள்ளைகளை இப்பக்கத்தார் நன்கு அறிவர். இவர்கள் தினந்தோறும் பாடும் பாடலைச் செய்தவரும் அத்தகைய குடும்பத்துப் பிள்ளையே. திசை மட்டும் வேறு. அவருடைய முன்னோர் மேற்கு நோக்கிச் சென்றவர்கள்.

ஆலப்புழையிற் குடியேறிய குடும்பம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் ஆலப்புழையைத் துறைமுகப் பட்டினமாக வளர்த்தார். வாணிகத்தின் பொருட்டு நானா திசைகளிலிருந்தும் அங்கே ஜனங்கள் வந்து சேர்ந்தனர். பாண்டி நாட்டு மதுரையைப் பூர்விகமாகக் கொண்டதொரு தமிழ்க் குடும்பமும் அவ்வூரில் வேரூன்றிற்று. அக்குடும்பத்தில் பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மாளுக்கும் 1855-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி சுந்தரம் பிள்ளை பிறந்தார்.

சுற்றிலும் மலையாளம் வழங்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் எங்ஙனம் வாய்த்தது? வீடு முதற் காரணம். நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்னும் ஆசிரியர் மற்றொரு காரணம். சங்க நூல்களும் சைவ நூல்களும் அவரிடம் பாடமாயின. இதே நாராயணசாமிப் பிள்ளையிடம் பிற்காலத்தில் தமிழ் கற்ற மற்றொரு மாணவரே மறைமலையடிகள். இளைஞராயிருந்த அடிகள் திருவனந்தபுரஞ் சென்று சுந்தரம் பிள்ளையைக் கண்டு அவருடைய பாராட்டைப் பெற்று மீண்டார். ஓர் ஆசிரியர் தம் பழைய மாணவரையும் புதிய மாணவரையும் ஒருங்கே கண்டு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணும்போது நமக்கும் உள்ளம் குளிர்கின்றது.

திருவனந்தபுரத்து மகாராஜா கலாசாலையில் படித்து 1876-ம் வருஷத்தில் பி. ஏ. பட்டம் பெற்ற சுந்தரம் பிள்ளை, மறு வருஷம் திருநெல்வேலிக்கு வந்து ஆங்கில-தமிழ்ப் பாடசாலையின் தலைமையை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அதே 1877-ம் வருஷத்தில் சிவகாமி அம்மையாரை மணந்தார். அப்பாடசாலை அடுத்த வருஷமே கலாசாலையாக உயர்ந்தது. இன்று திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி என்று வழங்குவது அதுவே. திருநெல்வேலியில் இருந்த காலத்திலேதான் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை அடைந்து அவரைத் தம் ஞானாசிரியராகக் கொண்டார். 1880-ல் எம். ஏ. பட்டமும் பெற்றார். பின்னர் மீண்டும் திருவனந்தபுரம். அங்கே தத்துவ சாஸ்திர போதனை. இடையே சில காலம் சமஸ்தானத்து வருவாய் இலாகாவில் உத்தியோகம் பார்த்ததுண்டு. அவ்வழியே மேற்சென்றிருந்தால் பெரும் பதவிகள் காத்திருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1885-ம் வருஷத்தில் தம் ஆசிரியர் ஹார்வி துரை இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, அவர் விட்டுச் சென்ற ஆசிரியர் பீடத்துக்கே சுந்தரம் பிள்ளை மீண்டார். அப்பீடத்தில் இருந்தபடியே காலஞ் சென்றார்.

இந்த ஹார்வி துரையைக் குறித்து ஒரு வார்த்தை. சுந்தரம் பிள்ளை தம் பேரூர்க்கடைப் பண்ணைக்கும் வீட்டுக்கும் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். மனோன்மணீயத்தையும் அவருக்கே உரிமை செய்தார். 1896-ல் ராவ்பகதூர் பட்டமும் ஏற்றார். தேசாபிமானிகள் சிலர் இவற்றைச் சுட்டிக் குறை கூறுவதுண்டு. பட்டத்தைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. அக்காலத்துப் பெரியோரில் அதைத் தள்ளினவர் அரியர். ஆனால் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தன் வீட்டு வாயிலில் எழுதி வைப்பது அடிமைப் புத்தி என்று நமக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் எந்நாட்டார் என்று பார்த்து நன்றி செலுத்தும் வழக்கம் நமது முன்னோரிடம் இருந்ததில்லை.

நாடகமும் வீடும்

மனோன்மணீயம் 1891-ம் வருஷத்தில் வெளிவந்தது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு செய்யுட்கதையை முதலாகக் கொண்டு, அதனைப் பாண்டி நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் உரியதாக்கி, ஐந்து அங்கங்களில் விரித்த செய்யுள் நாடகம் அது. மேடையில் நடிப்பதற்கன்றிப் படிப்பதற்கே அது ஏற்றது என்பர், அது மெய்யே. போருக்குப் புறப்படும் சேனையை நோக்கிப் பாண்டியன் ஜீவகன் நாட்டுப் பற்றைக் குறித்துப் பேசும் பகுதியோ, பாரதியார் பேனாவை எடுப்பதற்கு முன்னரே தமிழில் எழுந்த தேசபக்தி முழக்கமாகும்.

இந்நூலைச் சரித்திரமாகவும் தத்துவமாகவும் ஆராய்ந்தவர் பலர். நாம் இங்கே வேறொன்றைக் காட்ட விரும்புகின்றோம். சூழ்ச்சிக்காரனான குடிலன் என்னும் மந்திரியின் சொற்கேட்டுப் பாண்டியன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறுகின்றான். நாஞ்சில் நாட்டைப் பற்றிய வழக்கில் திருவனந்தபுரத்துச் சேரன் புருடோத்தமன் படையெடுத்து வருகின்றான். முடிவில் பாண்டியன் மகளுக்கும் சேரனுக்கும் திருமணமாகின்றது. மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம்! முன்னோர் வாழ்ந்த ஊர், தாம் முதலில் தலைமை தாங்கிக் கற்பித்த ஊர், தாம் வாழ்ந்த ஊர். குடியேறிய குடும்பத்தின் யாத்திரை முழுவதும் அரசர் கதையாக அங்கே நிற்கின்றது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். நாடகத்தில் அரச குலத்துக்கு நல்வழி காட்டும் முனிவரின் பெயர் சுந்தரர்; அது ஞானாசிரியரின் பெயர். இடையே வரும் கிளைக்கதைக்குச் சிவகாமி சரிதம் என்று பெயர். மனைவியின் பெயரும் சிவகாமி. வாணி என்னும் தோழியின் காதலனாய் இயற்கை அழகில் தோய்ந்து திரியும் இளைஞன் நடராஜன். திருமணமாகிப் பதினான்கு வருஷங்கள் பிள்ளையின்றி இருந்த தம்பதிகளுக்கு, நூல் வெளியான அதே 1891-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு இட்ட பெயரும் நடராஜன். இவையெல்லாம் தற்செயல் என்று சொல்லுவோர் சொல்லட்டும். ஆசிரியரையும் மனைவியையும் மகனையும் தம் நூலுக்குள்ளேயே குடிவைத்த ஒருவரை நாம் இங்கே காண்கின்றோம்.

பள்ளிகளில் பாடப்படுவது இந்நாடகத்தின் முகப்பிலுள்ள வாழ்த்தின் ஒரு பகுதியே. பிற பாஷைகளைத் தாழ்த்துவதாகக் கருதக் கூடிய அடிகள் 1970-ல் விடப்பட்டன. சபையில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டில் அயலார் மனம் நோகும் சொல் வேண்டுவதில்லையாதலால் அது தக்க செயலென்றே கருதுகின்றோம். ஆனால் விட்டிருக்கின்றோம் என்பதையே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பது முறையன்று. மலையாளிகளுக்கும் தமிழருக்கும் ஒரே வகுப்பில் பாடஞ் சொன்ன ஒருவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்பது நல்ல கேள்வி. வளர்ந்த மாணாக்கர் அதை வாதிக்கட்டும்.

சம்பந்தர் காலம்

அந்நாளில் தமிழின் பழமையை நம்புவோர் சர்வகலாசாலை வட்டாரங்களில் மிகச் சிலர். திருஞானசம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனையும், மார்க்கோ போலோ காலத்துச் சுந்தர பாண்டியனையும் ஒருவராகக் கொண்டு, சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தார் கால்டுவெல். தமிழுக்குப் பெருந்தொண்டு செய்த அவ்வறிஞரின் வாக்கை மறுக்க அக்காலத்தில் துணிந்தவர் யார்? சுந்தரம் பிள்ளை துணிந்தார். வெறும் அபிமானத்தை ஆயுதமாகக் கொள்ளாமல், சிலாசாஸனங்களையும் நூற்சான்றுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிற்பட்டவராக இருத்தல் இயலாது என்று காட்டினார். சிறுத்தொண்டர் கலந்துகொண்ட வாதாபிப் போர் 642-ம் வருஷத்தைச் சார்ந்தது என்று பின்னர் ஆராய்ச்சியாளர் துணிந்தபோது, சம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டே என்பது நிலைபெற்றது. ஒரே நூலினால் அறுநூறு வருஷங்கள் தமிழுக்கு மீண்டன.

வேணாட்டு அரசர்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1894-ல் வெளிவந்தது. கோயிற் சுவர்களில் மங்கிக் கிடந்த வட்டெழுத்துச் சாஸனங்களைப் படித்துப் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் அரசர் வரிசையை ஒழுங்கு செய்தார். சமஸ்தானத்துக்குத் தன் சரித்திரத்தைத் தேடிக் கொடுத்தவர் ஆலப்புழையிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் மகன் என்பதை மலையாள நாட்டார் மறக்கவில்லை. இவ்வாராய்ச்சிகளையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது நமக்கு ஒரு குறையே. எனினும் 1888-ல் சாஸ்திரங்களை வகைப்படுத்தும் நூற்றொகை விளக்கத்தைத் தமிழில்தான் எழுதினார். நவீன சாஸ்திரங்களைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற தர்க்கம் முடிந்தபாடில்லை. அவரோ சொல்லிக் காட்டிவிட்டுப் போனார்.

மகன்

1897-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ந் தேதி சுந்தரம் பிள்ளை காலமானார். வயது நாற்பத்திரண்டுதான். மகனுக்கு வயது ஆறு. நரை கண்டு, பேரப் பிள்ளைகளை மடியிலிருத்தி எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பாக்கியம் அக்குடும்பத் தலைவருக்குக் கிட்டவில்லை.

அந்த ஆறு வயதுப் பிள்ளையே பி. எஸ். நடராஜ பிள்ளை. திருவிதாங்கூரில் பொறுப்பாட்சிக்காக நடந்த கிளர்ச்சியில் இறங்கினார். சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாயிருந்த காலத்தில் அதற்குத் தண்டனையாக ஹார்விபுரம் பறிமுதலாயிற்று. தந்தை அருமையாகப் பெயரிட்டு வாழ்ந்த வீடு தேச சேவைக்கு விலையாகப் போயிற்று. நடராஜ பிள்ளை பின்னர் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். 1954-ல் பட்டம் தாணு பிள்ளையின் மந்திரிசபையில் நிதி மந்திரியாகி, நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டு வந்தார். அவ்வேலை முற்றுப் பெறுமுன் 1955-ல் மந்திரிசபை கவிழ்ந்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தென் திருவிதாங்கூர்த் தமிழர் தம் பகுதியைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று போராடியபோது, 1954-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி போலீஸார் அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர்; உயிர்கள் போயின. அது பட்டம் மந்திரிசபையின் ஆட்சிக் காலம். தமிழ்த்தாயை வாழ்த்திப் பாடியவரின் மகன் அம்மந்திரிசபையில் இருந்தார். தந்தையின் நாடகத்தில் நாஞ்சில் நாட்டு வழக்கு திருமணத்தில் முடிந்தது. மகனின் காலத்தில் அது இரத்தத்தில் தோய்ந்து, 1956-ல் எல்லை பிரித்துத் தீர்க்கப்பட்டது. பிறந்த மண்ணுக்கும் பேசும் பாஷைக்கும் இடையே நிற்கும் குடும்பங்களின் சங்கடத்தை அனுபவித்தவர்களே அறிவர். கரையில் நின்று தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. துப்பாக்கிப் பிரயோகத்தை மன்னிக்கவும் நம்மால் இயலவில்லை.

நடராஜ பிள்ளை 1962-ல் திருவனந்தபுரத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, உறுப்பினராயிருக்கும்போதே 1966-ல் காலமானார். மந்திரியாயிருந்த நாளிலும் எளிய குடிலில் வாழ்ந்தார் என்று திருவனந்தபுரத்தார் சொல்லுவர். பறிமுதலான சொத்தைத் திருப்பித் தருவதாகச் சர்க்கார் முன்வந்தபோது, அங்கே பள்ளிக்கூடம் நடக்கின்றது, பிள்ளைகள் படிக்கட்டும் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்லுவர்.

பேரூர்க்கடையில் அப்பள்ளி இன்றும் நடந்து வருகின்றது. அதற்கு மகனின் பெயரை வைத்திருக்கின்றார்கள். மலைக்கு இப்பால், இருபத்திரண்டு வயதில் தந்தை தலைமை ஆசிரியராக வந்து சேர்ந்த திருநெல்வேலியில், 1990-ம் வருஷத்தில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்துக்குத் தந்தையின் பெயர். முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளைகள் நாளைக் காலையிலும் வரிசையில் நிற்பார்கள். பாட்டு முடிந்து வகுப்புக்குப் போகுமுன் ஐந்து நிமிஷம் அவர்களை நிறுத்தி, ஆலப்புழையிற் பிறந்த அந்த உபாத்தியாயரின் கதையை அவர்களுடைய ஆசிரியர் யாரேனும் சொல்லுவாரா?