கேட்பார் இல்லாத சரக்கு

2023-ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். காய்கறிக்காக மகள் கடைக்குப் போவது அபூர்வம். பக்கத்துப் பண்ணையிலிருந்து வாரம் ஒரு பெட்டி வந்துவிடும். விதைப்புக்கு முன்பே, குளிர்காலத்தில், சுமார் 20 வாரத்துக்கான தொகையைக் கட்டிவிட வேண்டும். விளைந்ததைப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். மழை கெடுத்தால் பெட்டியும் இளைக்கும். அந்த நஷ்டம் எல்லோருக்கும் பொது. அந்நாட்டில் இம்முறை 1986-இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் தொடங்கியது. ஜப்பானில் 1970-களிலேயே இதைப் போன்றது உண்டு.

நம் பக்கம் விவசாயிக்கு முன்பணம் தருவது மண்டி. அங்கே சாப்பிடுகிறவரே தருகிறார். இடையில் நமக்கு இடமே இல்லை என்று கண்டதும் கொஞ்சம் வயிறு கலங்கியது உண்மை.

முதல் பெட்டியில் நூல்கோல். இதை என்ன செய்வது என்று அடுத்த வீட்டு அம்மையார் விழித்தார், எனக்குச் சிரிப்பு. மறுவாரம் நான் விழித்தேன். சோம்புச் செடியின் அடிப்பாகம், வெங்காயம் போல் பருத்திருந்தது. சோம்பை விதையாக மட்டுமே அறிந்தவன் நான். பூண்டு பெருக்க வேண்டுமென்று ஒடித்தெடுக்கும் பூந்தண்டும் வந்தது. பொரியல் நன்றாகவே இருந்தது. பெட்டியோடு ஒரு சீட்டு இருக்கும்: எப்படி நறுக்குவது, எப்படிச் சமைப்பது, எத்தனை நாள் தாங்கும் என்று.

செப்டம்பரில் 'பாவ்பாவ்' என்றொரு பழம். பப்பாளி அல்ல, நம் சீத்தாப்பழக் குடும்பம். உள்ளே மஞ்சள் சதை, பெரிய கறுத்த விதைகள், வெண்ணெய் போன்ற பதம். 2009-இல் ஒஹாயோ அரசு இதைத் தன் மண்ணின் பழமாக அறிவித்தது. ஆனாலும் பெரிய கடைகளில் நான் காணவில்லை. பழுத்தபின் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், கைபட்டாலே கன்றிவிடும். லாரி ஏறாத சரக்கை பஜார் எப்படி அறியும்?

அன்றிரவு 1998 நினைவுக்கு வந்தது. ஒரு விவசாயி என் மண்டிக்கு இரண்டு கூடை மூக்குத்தி அவரை கொண்டுவந்தார். "கேட்பார் இல்லாத சரக்கு, ஏலத்தில் வைக்க முடியாது" என்றேன். பஸ்ஸுக்குக் கூலி கட்டாது என்று கூடைகளை வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார். மாடுகள் தின்றன. கேட்பார் இல்லை என்றேனே, கேட்கும்படி நான் யாரிடமாவது சொன்னேனா?

ஊர் திரும்பி அவரைத் தேடினேன். நிலம் இப்போது தென்னந்தோப்பு. வேறிடத்தில் விதை வாங்கி இரண்டு பேருக்குக் கொடுத்தேன். முதலில் வந்த 12 கிலோவை மூன்று சில்லறைக் கடைகளுக்குப் பிரித்து, சமையல் முறை அச்சடித்த சீட்டும் தந்தேன். இரண்டு கடையில் மாலைக்குள் தீர்ந்தது. மூன்றாவது கடைக்காரர் சீட்டுகளைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிட்டார். 4 கிலோவும் அப்படியே திரும்பி வந்தது.