காரியாபட்டிக்கு எத்தனை எழுத்து?

'காரியாபட்டி' என்னும் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கா, ரி, யா, ப, ட், டி. ஆக 6. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் சொல்லிவிடும். ஆனால் இதே பெயரைக் கணிப்பொறியில் ஒரு பெட்டிக்குள் அடித்தால், அந்தப் பெட்டி அதை 11 என்று கணக்கெடுக்கிறது. பெட்டியிலிருந்து அது வேறோர் இடத்துக்குப் போய்ச் சேமிக்கப்படும்போது 33 என்று கணக்காகிறது. மூன்றில் எது சரி? வியப்பாக இருக்கும், மூன்றுமே சரிதான். அது எப்படி என்பதையும், அதனால் ஒரு குடியானவருக்கு என்ன நேரலாம் என்பதையும் பார்ப்போம்.

காரியாபட்டி விருதுநகர் மாவட்டத்தில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது. மழையை நம்பிய வறண்ட பூமி. கண்மாயில் நீர் நின்றால்தான் வயலில் பயிர் நிற்கும். கண்மாயின் மடை உடைந்து போனால் ஊரார் என்ன செய்வார்கள்? மனு எழுதுவார்கள். வெள்ளைத்தாளில் எழுதி, திங்கட்கிழமையன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுப்பது பழைய வழி. இணையத்தின் வழியாக அனுப்புவது புதிய வழி. தமிழ்நாடு அரசு 2021-இல் 'முதல்வரின் முகவரி' என்னும் துறையை ஏற்படுத்தியபின் இந்தப் புதிய வழியும் ஊருக்கு ஊர் பழக்கமாகி வருகிறது.

இணையத்தில் இருக்கும் மனுப் படிவங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பெயருக்கு ஒரு சிறிய பெட்டி, கைப்பேசி எண்ணுக்கு ஒரு சிறிய பெட்டி, இவற்றின் கீழே குறையை விரிவாக எழுத ஒரு பெரிய பெட்டி. சிறிய பெட்டி ஒற்றை வரிப் பெட்டி. பெரியது பல வரிப் பெட்டி. நிரல் எழுதுவோர் அதை 'டெக்ஸ்ட்ஏரியா' என்பார்கள். 1995 நவம்பரில் வெளியான இணையப் பக்க மொழியின் இரண்டாம் பதிப்பிலேயே இது இருந்தது. 'இத்தனை வரிசை, இத்தனை பத்தி' என்று அதற்கு அளவு சொல்லலாம். ஒரு பத்தி என்பது ஓர் எழுத்தின் அகலம். எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தின் கணக்கு அது! நம் 'ண'வும் 'ர'வும் ஒரே அகலமா? ஆகவே தமிழுக்கு அந்தப் பத்திக் கணக்கு ஏறக்குறைய ஒரு குத்துமதிப்புதான்.

முதலில் வரிகளைப் பற்றிப் பார்ப்போம். பெட்டியின் வலது ஓரத்தை எழுத்து எட்டியதும் மிச்சம் தானாகவே அடுத்த வரிக்கு இறங்குகிறது. இது வெறும் தோற்றம்தான். அங்கே உண்மையில் வரி முறிவு எதுவும் இல்லை. பெட்டியை அகலமாக்கினால் வரி மீண்டும் நீண்டுவிடும். நீங்கள் 'என்டர்' விசையை அழுத்தினால்தான் உண்மையான முறிவு ஒன்று அங்கே பதிகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் ஒரு குறிதான், எண்ணிக்கையில் சேரும். பெட்டிக்குள் அது 1. ஆனால் படிவத்தை அனுப்பும்போது ஒவ்வொரு முறிவும் இரண்டு குறிகளாக மாற்றப்படுகிறது. அவற்றின் எண்கள் 13, 10. பழைய தட்டச்சு இயந்திரத்தில் வண்டியை வலப்பக்கம் தள்ளி வரியின் தொடக்கத்துக்கு வருவது ஒரு வேலை, உருளையைச் சுழற்றித் தாளை ஒரு வரி மேலேற்றுவது இன்னொரு வேலை அல்லவா? அந்த இரண்டு வேலைகளின் நினைவுச் சின்னங்களே இந்த இரண்டு குறிகள். இயந்திரம் போய்விட்டது, அதன் பழக்கம் போகவில்லை!

வரி முறிவு சிறிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் தம் நிலத்தின் விவரத்தை இரண்டு வரிகளில் எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முதல் வரி: 'புல எண் 212'. அடுத்த வரி: '3 ஏக்கர்'. இதை நகலெடுத்து, பல வரிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை வரிப் பெட்டி வைத்துள்ள ஒரு படிவத்தில் ஒட்டுகிறார். ஒற்றை வரிப் பெட்டி வரி முறிவை ஏற்காது, நீக்கிவிடும் என்பது இணையத்தின் பொது விதி. அதற்குப் பதிலாக ஓர் இடைவெளி கூட விடும்படி அந்த விதி சொல்லவில்லை. முறிவை அப்படியே நீக்கிவிட்டால் விளைவு? 'புல எண் 2123 ஏக்கர்'! 212-ஆம் எண் நிலத்தைத் தேட வேண்டியவர் 2123-ஐத் தேடிக்கொண்டிருப்பார்.

இனி எழுத்துக் கணக்குக்கு வருவோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர். 1991-இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையிலான எண்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை. 128 இடங்கள்தாம். நம் எழுத்துகளோ 247. எப்படி அடங்கும்? உயிர்மெய்யை உடைத்து வைத்தார்கள். 'க'வுக்கு 2965 என்று ஓர் எண். காலுக்கு 3006 என்று ஓர் எண். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் திரையில் 'கா' என்று தெரியும். புள்ளியும் அப்படியே தனிக் குறி. ஆகவே 12 உயிர், ஆய்தம், அகரமேறிய 18 மெய் ஆகிய 31 எழுத்துகளே கணிப்பொறிக்கு ஒற்றைக் குறி. மற்ற 216 எழுத்துகளுக்கும் இரண்டிரண்டு குறிகள் வேண்டும். காரியாபட்டியில் 'ப' ஒன்றுதான் ஒற்றைக் குறி. மற்ற ஐந்தும் இரட்டை. 5 இரண்டுகள் 10, ஒன்று சேர 11. பெட்டியின் கணக்கு புரிந்துவிட்டதா?

சில படிவங்களில் பெட்டியின் கீழே 'மீதம் இத்தனை எழுத்துகள்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். தமிழில் ஓர் எழுத்து அடித்தால் அது இரண்டு குறைவதை இப்போது நீங்களே விளக்கிவிடலாம். 'ஸ்ரீ' அடித்துப் பாருங்கள், 4 குறையும்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய ஊர்க் கணக்குகளில் மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. அவற்றை 2019-இல் யூனிகோட்டில் சேர்த்தார்கள். 65,535-க்கு அப்பாலுள்ள எண்களே அவற்றுக்குக் கிடைத்ததால், ஒவ்வொன்றையும் பெட்டி இரண்டாக எண்ணுகிறது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அத்தனை சிறிய பின்னத்துக்கு இரண்டு இடம்!

33 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பெட்டியில் உள்ளதை அனுப்பவும் சேமிக்கவும் 'யு.டி.எஃப்-8' என்னும் முறை பயன்படுகிறது. 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்த முறை இது. குறியின் எண் 128-க்குக் கீழே இருந்தால் ஒரு பைட்டு போதும். 2048-க்குக் கீழே இருந்தால் இரண்டு. 65,536-க்குக் கீழே இருந்தால் மூன்று. ஆங்கிலம் முதல் வகுப்பில் பயணம் செய்கிறது. ரஷ்ய, கிரேக்க, அரபு எழுத்துகளுக்கு இரண்டு பைட்டு. தமிழ் 2944-இல் தொடங்குவதால் குறிக்கு மூன்று பைட்டு. 11 குறிகள், மூன்று மடங்கு 33.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'எங்கள் ஊர்க் கண்மாயின் மடை உடைந்துவிட்டது.' ஐந்து சொற்கள். நம் கண்ணுக்கு 22 எழுத்து, 4 இடைவெளி, ஒரு முற்றுப்புள்ளி, ஆக 27. பெட்டிக்கு 42. பைட்டுக் கணக்கில் 116. தரவுத்தளங்கள் என்னும் சேமிப்புக் கிடங்குகளில் பெயர் பெற்ற ஆரக்கிளில், சாதாரண எழுத்துப் புலம் ஒன்றுக்கு நெடுங்காலம் 4000 பைட்டே உச்சவரம்பாக இருந்தது. ஆங்கிலத்தில் சொல்லுக்கு 5 எழுத்தும் ஓர் இடைவெளியும் என்று கொண்டால், அதில் 660 சொற்களுக்கு மேல் எழுதலாம். நம் மடை வாக்கியத்தின் அளவிலோ 34 வாக்கியங்கள், அதாவது 170 சொற்கள்தாம் கொள்ளும். இடம் ஒன்றே. குடியிருப்போர் தொகைதான் நான்கில் ஒரு பங்கு!

வரம்புகளை வைப்பவர்கள் தமிழரை வஞ்சிக்க எண்ணி வைப்பதில்லை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து ஓர் எண்ணை எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான 2012-ஆம் ஆண்டு மத்திய விதிகள், விண்ணப்பம் சாதாரணமாக 500 சொற்களுக்கு மேற்படக் கூடாது என்கின்றன. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் இணையதளம் விண்ணப்பப் பெட்டிக்கு 3000 குறிகள் என்று வரம்பு வைத்தது. சொல்லுக்கு 6 என்றால் 500 சொல்லுக்கு 3000. கணக்கு கச்சிதம்தான், ஆங்கிலத்துக்கு! அதே வரம்பைத் தமிழுக்கு வைத்தால் ஏறத்தாழ 350 சொற்களோடு பெட்டி நிரம்பிவிடும். அந்தத் தளத்தின் ஆங்கில வழிகாட்டுக் குறிப்போ, பெட்டியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே அடிக்கலாம் என்று வரையறுத்தது. அந்தந்த வட்டாரத்தின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் கொடுத்ததைப் பெட்டி சுருக்கிவிடுகிறது.

வரம்பு மீறினால் என்ன ஆகும்? நேரடியாக அடிப்பவருக்குத் தொல்லை குறைவு. மேற்கொண்டு எழுத்து விழாது, அவருக்கே தெரிந்துவிடும். வேறிடத்தில் எழுதி நகலெடுத்து ஒட்டுபவருக்குத்தான் ஆபத்து. வரம்புக்கு மேற்பட்ட பகுதி ஓசையின்றி வெட்டப்படும். பெட்டி நிறைய எழுத்து தெரிவதால் எல்லாம் வந்துவிட்டது என்றே நினைப்பார். தமிழில் முக்கியமான சொல் எங்கே இருக்கும்? கடைசியில்! 'எங்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று கேட்கவில்லை. மடையைச் சரிசெய்தால் போதும்' என்று ஒருவர் முடிக்கிறார். 'வேண்டும்' என்ற இடத்தில் வெட்டு விழுந்தால் மனுவின் பொருளே தலைகீழாகிறது. மனு எழுதும் முறையும் அப்படித்தான். பள்ளியில் நீங்கள் பழகிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம், பிறகு ஊரின் வரலாறு, இறுதியில்தான் கோரிக்கை. தாளுக்கு அது அழகு. பெட்டியில், பெயரும் முகவரியும் சிறிய பெட்டிகளில் ஏற்கெனவே போய்விட்டன. ஆகவே பெரிய பெட்டியின் முதல் வாக்கியமே 'இன்ன கண்மாயின் இன்ன மடையைச் சரிசெய்ய வேண்டும்' என்று இருக்கட்டும். வரலாறு பின்னால் வரட்டும், வெட்டுப்பட்டால் அது படட்டும். ஒட்டியபின் கடைசி வரி வரை நகர்த்திப் பார்ப்பதும் அரை நிமிட வேலைதான்.

வெட்டைவிட விந்தையான விபத்து ஒன்றும் உண்டு. பெட்டியில் 'எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்று சில நிரலர்கள் சல்லடை வைப்பார்கள். யூனிகோடு பட்டியலில் 'க', 'ர' போன்றவை எழுத்து என்ற வகுப்பைச் சேர்ந்தவை. காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து வகுப்பில் இல்லை, 'ஒட்டுக்குறி' என்ற வேறு வகுப்பில் இருக்கின்றன. சல்லடை ஒட்டுக்குறிகளைக் கீழே தள்ளிவிடும். மேலே தங்குவது என்ன தெரியுமா? 'கரயபடட'! இப்படி ஓர் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் இல்லை.

இதற்கெல்லாம் மாற்று இல்லையா? உண்டு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோட்டைத் தமிழுக்குரிய தரமாக ஏற்றபோது, 'டேஸ் 16' என்ற முறையையும் மாற்றுத் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண். அதன்படி காரியாபட்டி 6 தான். ஆனால் இணையம் யூனிகோட்டிலேயே ஓடுகிறது. யூனிகோட்டுக்குள்ளேயும் ஒரு நல்ல வழி இருக்கிறது. எழுத்தையும் அதன் ஒட்டுக்குறியையும் ஒரே கொத்தாக எண்ணும் விதி அதில் வகுக்கப்பட்டுள்ளது. அந்த விதிப்படி எண்ணும் நிரலும் 6 என்றே சொல்லும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றை மட்டும் இரண்டாக எண்ணும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மனுப் பெட்டி செய்பவர் மூன்று காரியம் செய்தால் போதும்: கொத்துக் கணக்கில் வரம்பு வைப்பது, சேமிப்பிடத்தில் அதற்குத் தக்க பைட்டுகளை ஒதுக்குவது, மிஞ்சியதை வெட்டாமல் 'இத்தனை எழுத்து அதிகம்' என்று சொல்வது. உங்களில் சிலர் நாளை இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்யப் போகிறவர்கள் ஆதலால் இதை எழுதுகிறேன்.

இப்போது ஒரு பயிற்சி. கணிப்பொறி வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். உங்கள் ஊர்ப் பெயரை எழுதி மூன்று கணக்கும் போடுங்கள். சரிபார்க்க உதவியாகக் காரியாபட்டியின் சுற்றுப்புறத்துப் பெயர்கள் மூன்று: திருச்சுழி 5, 10, 30. மல்லாங்கிணறு 7, 12, 36. அருப்புக்கோட்டை 8, 15, 45. உங்கள் ஊருக்கு எவ்வளவு?