மஞ்சள் வழித்தடத்தின் கடைசி நிலையம்

கல்விச் சுற்றுலா என்றதும் நம் பெற்றோர் மனத்தில் விமான டிக்கெட்டும் பெரிய தொகையும்தான் முதலில் வந்து நிற்கின்றன. பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு அது எட்டாத சங்கதி. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. ஆனால் எவ்வளவு தூரம் போனோம் என்பதைவிட, போன இடத்தில் பிள்ளையின் கை எதைத் தொட்டது, கூட நின்ற பெரியவர் என்ன பேசினார் என்பதுதான் கற்றலைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சான்று இருக்கிறது. ஆய்வாளர் கெவின் க்ரௌலியும் அவருடைய சகாக்களும் கலிபோர்னியாவின் சிறுவர் அருங்காட்சியகம் ஒன்றில் செய்த ஆய்வுகள் 2001-இல் வெளிவந்தன. பெற்றோர் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் ஒரு கருவியை அதிக நேரம், பல விதமாகச் சோதித்துப் பார்த்தார்கள். தனியே விடப்பட்டவர்கள் சீக்கிரமே அடுத்ததற்கு ஓடிவிட்டார்கள். அதே ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: அறிவியல் விளக்கம் மகன்களுக்குக் கிடைத்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் மகள்களுக்குக் கிடைத்தது. ஒரே இடம், ஒரே கருவி. பாடம் மட்டும் வேறு. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

அப்படித் தொட்டுப் பார்க்கும் இடத்துக்கு இப்போது ரயிலிலேயே போகலாம். 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டது. 16 நிலையங்கள், ஏறத்தாழ 19 கிலோமீட்டர். ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். அங்கே பூச்செடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். அங்கே கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் பாறைதான் என்னைப் பொறுத்தவரை பெங்களூரின் மிகச் சிறந்த வகுப்பறை. சுமார் 300 கோடி ஆண்டு வயதான நைஸ் பாறை அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் வெளிர்ப் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி நெளிந்து ஓடுவது தெரியும். வெளிர் நிறம் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கரும்பட்டையில் மினுக்குவது பயோடைட் மைக்கா. எந்தப் பட்டை மேடு, எது பள்ளம் என்று பிள்ளையை விரலால் தடவித் தேடச் சொல்லலாம். ஏன் நெளிந்திருக்கிறது என்ற கேள்வி தானாக வரும். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கல் குழைந்த கதையை அப்போது சொன்னால் போதும். பொம்மசந்திராவுக்குப் பக்கத்து ஜிகணியில் பட்டறைகளில் அறுபடும் கல்லை அடுத்த வாரம் பார்க்கும்போது, அதே பட்டைகளைப் பிள்ளையே தேடும். கிரானைட் என்று விற்கப்படுகிற கற்களில் பல இந்த நைஸ் இனம்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: விளக்கிச் சொல்ல எங்களுக்குப் படிப்பு ஏது? இதை நான் ஏற்க மாட்டேன். லேத்தில் நிற்கிறவருக்கும் சி.என்.சி. ஓட்டுகிறவருக்கும் உலோகத்தைப் பற்றித் தெரிந்ததில் பாதி, பாடப்புத்தகம் எழுதுகிறவருக்குத் தெரியாது. கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1962-இல் திறக்கப்பட்டது. அதன் இன்ஜின் கூடத்தில் பல்சக்கரத்தின் முன்னால் ஒரு ஃபிட்டர் தன் மகளிடம் பேசத் தொடங்கினால், எந்த வழிகாட்டியும் அவருக்கு ஈடாக முடியாது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கு வெளியே தேட வேண்டிய அந்தக் கைத்தொழில்காரர் இந்த வட்டாரத்தில் பல வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்.

ஏரிகளெல்லாம் சாக்கடையாகிவிட்டன, பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்ற இன்னொரு மறுப்பில் நியாயம் உண்டு. தொழிற்பேட்டைக் கழிவு கலக்கும் நீரில் கை வைக்க விடக் கூடாது. கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் மீண்ட ஏரியும் பக்கத்திலேயே இருக்கிறது. கியாலசனஹள்ளியில் வறண்டு கிடந்த 36 ஏக்கர் ஏரியை, சான்செரா நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆனந்த் மல்லிகவாட், அந்நிறுவன அறக்கட்டளையின் நிதியோடு 2017-இல் 45 நாளில் தூர்வாரினார். அள்ளிய மண் ஏரிக்குள்ளேயே பறவைகளுக்கான திட்டுகளாயிற்று. அங்கே பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது? ஓர் ஏரியின் உபரிநீர் ராஜகால்வாய் எனப்படும் பெரிய வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும் அமைப்பு நம் ஊர்ச் சங்கிலி ஏரிகளைப் போன்றதே.

கிழக்கே முத்தாநல்லூர் ஏரியைச் சேர்ந்த நீர்வழிகள் தென்பெண்ணைப் படுகையில் அடங்கும். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் அந்த ஆறு, பெங்களூரின் கழிவையும் சேர்த்துக்கொண்டு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க இறங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடலூர்க் கடல். பொங்கலுக்கு ஊர் போகும் குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் ஏறத்தாழ இதே வழியில்தான் பயணம் செய்கின்றன. இந்த முறை கெலவரப்பள்ளியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். அந்த நுரை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கேட்டால், புறப்பட்ட ஊரின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.